குயிலும் வைக்கோல் கன்றும்

இளவேனில் பிறந்துவிட்டதை நமக்கு முதலில் அறிவிப்பது பஞ்சாங்கமல்ல, குயில். வேம்பு பூத்து, மாமரத்தில் பிஞ்சு தொங்கும் சித்திரை விடியலில் அது கூவினால், கவலை மிகுந்த மனிதனும் ஒரு கணம் காது கொடுக்கிறான்.

ஆனால் அந்தக் குரலுக்குப் பின்னால் நடக்கும் காரியம் அவ்வளவு இனிமையானதன்று. கூவுவது கரிய ஆண் குயில். புள்ளி நிறைந்த பழுப்புப் பெட்டையோ காக்கை அசந்த வேளை பார்த்து அதன் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் பறந்துவிடுகிறது. காக்கை முட்டை பொரிய 16 நாளுக்குக் குறையாது. குயில் முட்டைக்கு 13 நாள் அளவே போதும். முந்திக்கொண்ட குஞ்சு இரையிலும் முந்திக்கொள்கிறது.

ஐரோப்பாவின் குயிலினம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அம்மை குத்தும் முறையை உலகுக்குத் தந்த எட்வர்ட் ஜென்னர், பிறந்து சில நாள்கூட ஆகாத குயில் குஞ்சு, வளர்ப்புத் தாயின் குஞ்சுகளை முதுகில் ஏற்றி வெளியே தள்ளுவதை 1788-ல் எழுதினார். பலர் நம்ப மறுத்தார்கள்.

அப்படியானால் குயில் குற்றவாளியா? குற்றத்துக்கு இரண்டு வேண்டும்: செய்வது இன்னதென்ற அறிவு; செய்யாமலிருக்கும் வல்லமை. குயிலுக்கு இரண்டும் இல்லை. கூடு கட்டும் வித்தையே அதற்கு வராது.

இனிக் கொஞ்சம் தொழுவத்துக்கு வாருங்கள். கன்று இறந்த பசு பால் சுரக்க மறுக்கிறது. இறந்த கன்றின் தோலில் வைக்கோலை அடைத்து அதன் முன் நிறுத்துகிறார்கள். தாய் அதை நக்குகிறது. நக்க நக்கப் பால் இறங்குகிறது. கன்றின் ஸ்பரிசத்தால் ஊறும் ஆக்ஸிடோசின் என்ற சுரப்புநீரே பாலை இறக்குகிறது என்கிறது விஞ்ஞானம். காரணம் தெரிந்துவிட்டதால் அந்த நாக்கின் பரிவு பொய்யாகிவிடுமா?

ஏழைக் குடியானவனைப் பழிக்க எனக்கு மனமில்லை. கன்றை இழந்தவன் பாலையும் இழந்தால் அவன் வீட்டு அடுப்பு எரியாது. ஆனால் அந்தக் கன்று நோயால் இறந்ததா, அதன் பங்குப் பாலையும் நாம் ஒட்டக் கறந்துவிட்டதால் இறந்ததா? இந்தக் கேள்வி அவனோடு நிற்பதில்லை. காலைக் காப்பியை உறிஞ்சிக்கொண்டே குயிலின் வஞ்சகத்தைப் பேசும் உங்களிடமும் என்னிடமும் வந்து நிற்கிறது. குயிலுக்கு இல்லாத அறிவு நமக்கு இருக்கிறது. ஆகவே குயிலுக்கு இல்லாத கடமையும் நமக்கு இருக்கிறது.

நான்கு காம்பில் ஒன்றைக் கன்றுக்கென்று விட்டுக் கறக்கும் வழக்கம் கிராமங்களில் உண்டு. அதை முதலில் செய்தவன் எந்த நீதி நூலும் படித்திருக்கமாட்டான். கன்றின் ஒட்டிய வயிற்றை ஒரு நாள் நின்று பார்த்திருப்பான், அவ்வளவுதான்.