அடைபட்ட நாட்களின் கூலி

2018 அக்டோபர் 23ஆம் நாள் உச்ச நீதிமன்றம் பட்டாசு வழக்கில் தீர்ப்பளித்தது. பேரியம் உப்புக்கள் கூடா, சரவெடி கூடா, புகை குறைந்த பசுமைப் பட்டாசுகளே செய்யப்படலாம். இவ்வாறாயின் தொழில் நடத்த இயலாதென்று கூறி, நவம்பரில் சிவகாசி வட்டாரத்து ஆலைகளை அடைத்தனர். மாதக்கணக்கில் அவை திறக்கப்படவில்லை.

தீர்ப்பின் நியாயத்தை நாம் மறுப்பதற்கில்லை. 2015இல் தில்லிக் குழந்தைகள் மூவரின் பெயரால் தொடுக்கப்பட்ட வழக்கு அது. நாம் ஆராயப் புகுவது வேறொரு வினா: அடைபட்ட நாட்களின் கூலிக்கு எவர் பொறுப்பு?

ஹனஃபி மத்ஹபின் ஃபிக்ஹு நூல்கள் கூலியாளரை இருவகைப்படுத்தும். தம் காலத்தை ஒருவருக்கே ஒப்படைத்தவர் 'அஜீர் காஸ்'. அவர் வேலைக்கு ஆயத்தமாக வந்து நின்றாலே கூலிக்கு உரியவராவார், முதலாளி வேலை தராவிடினும். தையற்காரரைப் போலப் பலருக்கும் உழைப்பவர் 'அஜீர் முஷ்தரக்'. முடித்துக் கொடுத்த வேலைக்கே அவருக்குக் கூலி.

சிவகாசியில் திரி வைக்கும் பெண்ணுக்கு எண்ணிக்கைக் கணக்கில் கூலி. ஆகவே அவள் இரண்டாம் வகையினள் என்று கணக்குப்பிள்ளை சொல்லிவிடலாம். ஆனால் தையற்காரருக்கு ஒரு வாடிக்கையாளர் போனால் வேறொருவர் வருவார். இவளோ விடிந்தால் ஓர் ஆலையின் வாசலுக்குச் சென்று, பொழுது சாயத் திரும்புகிறவள். அவ்வேலையை வீட்டில் வைத்துச் செய்தால் சட்டம் தண்டிக்கும். ஒப்பந்தத்தில் சொல்லன்று, பொருளே கவனிக்கப்படும் என்பது ஃபுகஹாக்கள் கொண்ட விதி. அவ்விதியின்படி இவள் முதல்வகையினளே என்பது நம் கருத்து.

எனினும் முதலாளிக்கும் ஒரு வழக்குண்டு. "தடுத்தது நானல்லவே!" என்பார் அவர். தக்க 'உஸ்று' நேர்ந்தால் கூலி ஒப்பந்தம் முறியும் என்பதும் அதே மத்ஹபின் சட்டந்தான். அதை நாம் ஏற்போம். அப்போது சுமை எங்கே செல்லும்? பயன் எவருக்கோ இழப்பும் அவருக்கே என்பது மற்றொரு விதி. தில்லியின் காற்றுத் தூய்மையானால் பயனடைவது பொதுமக்கள். அவர்களின் கருவூலம் அரசிடம் இருக்கிறது. அவ்விழப்பைத் திருத்தங்கல்லிலும் சாத்தூரிலும் கேழ்வரகுக் கூழுக்குக் கடன் வாங்கும் குடும்பம் சுமப்பது எந்த நியாயம்? தீங்கொன்றைத் தீங்கொன்றால் அகற்றலாகாது என்பதையும் நம் மதரஸாக்களில் பிள்ளைகள் ஓதுகிறார்கள்.

அண்டை வீட்டார் எம்மதத்தவராயினும் ஜமாஅத்தார் அரிசி கொடுக்கட்டும், சதகாவுக்குத் தடையில்லை. அதைக் காட்டிக் கூலியின் ஹக்கு தீர்ந்ததென்று முதலாளியோ அரசோ கணக்கெழுதலாகாது.

2021 அக்டோபர் 29இல் பேரியத் தடையை நீதிமன்றம் மீண்டும் உறுதிப்படுத்தியது. இனியொரு தடை பிறக்குமாயின், தடை தொடங்கும் நாளோடு கூலிக்கான ஏற்பாடும் அதே ஆணையில் எழுதப்படவேண்டும் என்று கேட்க நமக்கு உரிமையுண்டு.