சமுத்திர யாத்திரையும் சம்மதமும்

வயது முதிர்ந்த தாய் தந்தையரை உல்லாசக் கப்பலில் ஏற்றி நாலு நாள் கடற்காற்று வாங்க வைக்கவேண்டும் என்று பிள்ளைகள் பிரியப்படுவதும், பெரியவர்களோ முழங்கால் வலி, தலைசுற்றல், சாப்பாட்டு வசதி என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தடை சொல்லி நழுவுவதும் இப்போது பல குடும்பங்களில் நடந்துவருகிற விவகாரம். 2023-இல் சென்னைத் துறைமுகத்திலிருந்து இலங்கைக்குச் சுற்றுலாக் கப்பலே புறப்பட்டுவிட்ட பிறகு, இந்தத் தயக்கம் பத்தாம்பசலித்தனமாகப் பிள்ளைகளுக்குத் தோன்றுவதில் வியப்பில்லை. ஆனால் இஷ்டமில்லாத ஒருவரை, அவருடைய சந்தோஷத்துக்காகவே ஆனாலும், கப்பலேறத் தூண்டுவது எவ்வளவு தூரம் தர்மம் என்ற கேள்வி அவ்வளவு எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. நம் நாட்டில் அது நெடுங்காலம் சாஸ்திர விசாரமாகவே இருந்துவந்திருக்கிறது.

போதாயன தர்ம சூத்திரம், மனிதனை ஜாதியிலிருந்து வீழ்த்தும் பாவங்களில் சமுத்திர யாத்திரையை முதலாவதாக எண்ணி, அதைச் செய்தவன் மூன்றாண்டு காலம் நாலாவது வேளைக்கு ஒருமுறை மட்டும் உண்டு, முப்போதும் நீராடி, பகலை நின்றும் இரவை உட்கார்ந்தும் கழிக்கவேண்டும் என்று பிராயச்சித்தம் விதிக்கிறது. மனு ஸ்மிருதி கடலோடியைச் சிராத்தத்துக்கு அழைக்கலாகாது என்று ஓரிடத்தில் விலக்கிவிட்டு, மற்றோரிடத்தில் கடல் வாணிபம் அறிந்தவர்கள் நிர்ணயிக்கும் வட்டியை அங்கீகரிக்கிறது. கலியுகத்தில் விலக்கத்தக்கவற்றைப் பட்டியலிடும் பிற்காலத்துக் கலிவர்ஜ்ய வசனங்களோ, பிராயச்சித்தம் செய்துகொண்ட துவிஜனையும் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாகாது என்று கதவையே அடைத்துவிட்டன. இவற்றையெல்லாம் படிக்கும்போது எனக்கு ஒரு வேடிக்கை தோன்றாமல் இல்லை. கடலேறுவதை வடநாட்டார் வழக்கங்களில் ஒன்றாகச் சொல்லும் அதே போதாயனர், மாமன் மகளையும் அத்தை மகளையும் மணப்பதைத் தென்னாட்டார் வழக்கமாகச் சொல்லி, இரண்டையும் ஆட்சேபத்துக்குரிய விஷயங்களாக அருகருகே வைத்துப் பேசுகிறார். முறைப்பெண் விஷயத்தில் அந்த மகரிஷியின் சந்தேகத்தை நம்மவர் ஒருநாளும் பொருட்படுத்தியதில்லை. கடல் விஷயத்தில் மட்டும் சில குலத்தார் அவர் வாக்கைச் சிரமேற் கொண்டார்கள். 1025-இல் ராஜேந்திர சோழனின் கடற்படை ஸ்ரீவிஜயத்தின்மேல் சென்றபோது இந்த நிஷேதம் யாரையும் தடுத்ததாகத் தெரியவில்லை. ஆகவே, அஞ்சப்பட்டது தண்ணீர் அன்று, ஆசாரம் குலைவதே என்பது என் துணிபு: மரக்கலத்தில் அடுப்பு யார் கையில், பந்தியில் பக்கத்தில் இருப்பவர் யார், ஸந்தியாவந்தனத்துக்கு இடம் எங்கே என்பவைதாம் உள்ளே இருந்த கேள்விகள்.

1888-இல் பதினெட்டு வயது மோகன்தாஸ் காந்தி பாரிஸ்டர் படிப்புக்குச் சீமை போக முற்பட்டபோது, பம்பாயில் கூடிய மோட் வணிகர் குலத்தார் அவரை ஜாதிப் பிரஷ்டம் செய்ததோடு, உதவி செய்பவருக்கும் வழியனுப்பத் துறைமுகம் செல்பவருக்கும் ஒண்ணேகால் ரூபாய் அபராதம் என்று தீர்த்துவிட்டார்கள். தாயாரின் சம்மதத்தை அவருக்குப் பெற்றுத் தந்தது வாதத்திறமை அன்று. மது, மாது, மாமிசம் மூன்றையும் தொடுவதில்லை என்று ஜைன சாது ஒருவர் முன்னிலையில் அவர் செய்துகொடுத்த சத்தியம். கப்பலில் எந்தப் பதார்த்தத்தில் மாமிசம் இல்லை என்று கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு, கத்தியும் முள்கரண்டியும் பிடிக்கத் தெரியாமல், ஊரிலிருந்து கொண்டுவந்த இனிப்பையும் பழத்தையும் அறையிலேயே தின்று பிழைத்த அந்தப் பையனிடம், பிஸ்கே விரிகுடாவைத் தாண்டும்போது பிடிவாதத்தை மாற்றிக்கொள்ளத்தான் போகிறாய், இங்கிலாந்தின் குளிரில் மாமிசமில்லாமல் வாழ முடியாது என்று ஓர் ஆங்கிலப் பிரயாணி அன்போடு உபதேசம் செய்தார். வற்புறுத்துவோரின் இயல்பு பெரும்பாலும் இதுதான்: எதிராளியின் தயக்கத்தை ஒரு வியாதியாகப் பாவித்து, தட்பவெப்பம் அதைச் சொஸ்தப்படுத்திவிடும் என்று நம்புவது. விரிகுடா கடந்தது, சத்தியம் கடக்கப்படவில்லை.

கணித மேதை ஸ்ரீநிவாச ராமானுஜனின் சரித்திரம் இதனினும் ஆழமானது. சென்னைத் துறைமுக டிரஸ்டில் மாதம் முப்பது ரூபாய் சம்பளத்தில் கணக்கு எழுதிக்கொண்டு, கப்பல்கள் வருவதும் போவதுமான இடத்திலேயே நாளைக் கழித்த அந்த குமாஸ்தா, 1913-இல் கணித அறிஞர் ஹார்டியின் கேம்பிரிட்ஜ் அழைப்பு வந்தபோது தாம் கப்பலேற இயலாது என்று மறுத்துவிட்டார். மறு ஆண்டின் தொடக்கத்தில் சொற்பொழிவுக்காகச் சென்னை வந்த கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் நெவில், ஹார்டியின் தூதராகவும் வந்தார். அவர் செய்த காரியம் கவனிக்கத்தக்கது. சாஸ்திரத்தைப் பழிக்கவில்லை, பணம் என்னாகும், இங்கிலீஷ் போதுமா, சைவ உணவு கிடைக்குமா, மறுபடி பரீட்சை எழுதச் சொல்வார்களா என்ற ஐயங்கள் ஒவ்வொன்றையும் காதுகொடுத்துக் கேட்டு ஒவ்வொன்றுக்கும் விடை சொன்னார். ஆயினும் கதவைத் திறந்தது நெவில் அல்லர், ராமானுஜனின் குலதெய்வமான நாமகிரித் தாயார். நாமக்கல் சன்னிதியில் ராமானுஜனே படுத்து உத்தரவு பெற்றார் என்றும், அவர் தாயார் கோமளத்தம்மாள் கனவில் தேவி தோன்றி மகனுக்குக் குறுக்கே நிற்காதே என்று ஆணையிட்டாள் என்றும் இருவிதமாகச் சொல்வதுண்டு. எது உண்மையாயினும், அந்த இல்லத்தின் தடை அந்த இல்லத்தின் தெய்வத்தாலேயே நீங்கியது. வெளியார் நியாயம் வாசற்படிவரைதான் வந்தது. தாயையும் மனைவியையும் கும்பகோணம் அனுப்பிவிட்டு, அவர்கள் கண்ணில் படாமல் குடுமியைக் களைந்துகொண்டு, 1914 மார்ச் 17-ஆம் தேதி அவர் நெவாசா என்ற கப்பலில் ஏறினார்.

ஆகஸ்டில் மகாயுத்தம் மூண்டது. காய்கறி அருமையாயிற்று, குளிரில் தாமே சமைத்துண்ட உடம்பு 1917-இல் படுக்கையில் விழுந்தது. ராயல் சொசைட்டியின் பெல்லோ என்ற கௌரவத்தோடு 1919-இல் திரும்பியவர், ராமேஸ்வரம் போய்த் தோஷம் கழித்துக்கொள்ளவும் சக்தியற்று, 1920 ஏப்ரல் 26-ஆம் தேதி முப்பத்திரண்டு வயதில் காலமானார். கடல் கடந்தவன் என்ற காரணத்தால் ஆசாரமான உறவினர் பலர் இறுதிச் சடங்குக்கு வரவில்லை. கலிவர்ஜ்ய வசனம் பிணத்தின்மேலும் செல்லுபடியாகும் என்று நினைத்தார்கள் போலும். அதைக் கருணையுள்ள எந்த ஆசாரமும் ஒப்பாது. நெவில்மேல் பழி சொல்லலாமா என்றால், நான் சொல்லமாட்டேன். அவர் அறிந்ததைச் சொன்னார், கொடுக்கக்கூடியதை வாக்களித்தார்; யுத்தம் வரும் என்பது அவருக்கும் தெரியாது. ஆனால் ஒருவரை அவருடைய நியமத்திலிருந்து நகர்த்துகிறவர், அதன் பின்விளைவுகளில் தமக்குப் பங்கில்லை என்று கைகழுவ முடியாது.

ராமானுஜனையும் காந்தியையும் கணிதமும் சட்டமும் அழைத்தன. இன்றைய உல்லாசக் கப்பலில் அழைப்பது வெறும் இன்பம். இன்பம் இழிந்ததென்று நான் கருதவில்லை. ராமேஸ்வரத்திலும் திருச்செந்தூரிலும் கரையில் நின்று முழுக்குப் போட்டே பழகிய கண்கள், நாற்புறமும் கரையே இல்லாத நீரை ஒரு விடியற்காலையில் பார்ப்பது, புண்ணியக் கணக்கில் சேராவிட்டாலும் மனத்தை விசாலப்படுத்தும். எனினும் அழைக்கும் காரியம் இலேசானதாக இருக்கும்போது, அழைப்பவரின் கடமை கனமாகிறது. கப்பல் ஆடும் என்பதையும், மதுவும் சூதாட்டக் கூடமும் அங்கே இருக்கும் என்பதையும், சைவச் சமையலுக்குத் தனி அடுப்பு உண்டா என்பதையும் மறைத்துவிட்டு, “வந்து பார்த்தால் பிடித்துவிடும்” என்று சொல்லி ஏற்றுவது, பிஸ்கே விரிகுடாவை நம்பிய அந்தப் பிரயாணியின் யுக்தியே.

ஆகையால், இந்த விடுமுறைக்குக் கப்பலில் இடம் பதிவு செய்ய எண்ணியிருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். முதலில் அம்மாவிடம் உட்கார்ந்து, எது அவரைத் தடுக்கிறது என்று கேளுங்கள். சமையலைப் பற்றிக் கப்பல் நிறுவனத்தாரிடம் எழுத்திலேயே கேட்டு வாங்கி அவரிடம் படித்துக் காட்டுங்கள். அதன் பிறகும் வேண்டாம் என்று அவர் சொன்னால், எடுத்துவைத்த நாலு நாள் விடுப்பை ரத்து செய்யாமல் அவரோடு வீட்டிலேயே இருங்கள்.