தீயும் தூசியும்

தீயினின்றும் மனிதனைக் காப்பது நற்செயல் என்பதில் எவருக்கும் கருத்து வேற்றுமை இராது. ஆனால், காக்கப்படுவோனின் சம்மதத்தைக் காப்பவன் பெற்றானா, அக்காப்பின் விலையை யார் தலையிற் சுமத்தினான் என்பவற்றை நாம் பெரும்பாலும் வினவுவதில்லை. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் நடந்ததொன்று அவ்வினாக்களைத் தவிர்க்க இயலாதவை ஆக்குகின்றது.

சோபாக்களில் அடைக்கப்படும் நுரைமெத்தை, சிறு சுவாலையொன்றை 12 விநாடிகள் தாங்கவேண்டுமென 1975ஆம் ஆண்டில் அம்மாநிலம் விதித்தது. நுரையிலே புரோமீன் சேர்ந்த தீத்தடுப்பு இரசாயனங்களைக் கலப்பதே அதற்கு மலிவான வழியாயிற்று. கலிபோர்னியாவின் சந்தை பெரிது. ஆகவே பிற மாநிலங்களில் விற்ற தளபாடங்களிலும் அவை புகுந்தன. இத்தனைக்கும், முதலில் எரிவது மேலுறை. உறை பற்றியபின் எழும் தீயோ அச்சிறு சுவாலையிலும் மிகப் பெரிது.

இவ்விரசாயனங்கள் நுரையோடு பிணைந்தவையல்ல. வெறுமனே கலந்து கிடப்பவை. ஆண்டுக்கணக்கில் மெல்லக் கசிந்து வீட்டுத் தூசியிற் சேர்கின்றன. தூசியிலிருந்து கைக்கும், கையிலிருந்து வாய்க்கும் செல்கின்றன. தரையில் தவழ்ந்து விரல் சூப்பும் குழந்தையே, தன் எடைக்கு மிகுதியாக இவற்றை உட்கொள்கின்றது. உடற்கொழுப்பில் தங்கித் தாய்ப்பாலிலும் இறங்குகின்றன. சுவீடனில் 1972 முதல் 1997 வரை சேகரித்த தாய்ப்பாலை ஆராய்ந்தபோது, ஏறத்தாழ ஐந்தாண்டுக்கொருமுறை இவற்றின் அளவு இரட்டித்து வந்தமை புலனாயிற்று. கருவிலே இவற்றை அதிகம் ஏற்ற குழந்தைகளின் அறிவுத்திறன் சற்றுக் குறைந்திருந்ததைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன.

தீயில் மாண்டவருக்குப் பெயருண்டு; அழுவதற்கு உற்றாருண்டு. தூசியால் நலிவுற்ற குழந்தையை எவர் சுட்டிக்காட்டுவார்? இந்த வேறுபாட்டை முதலாளிகள் நன்கறிவர். 2011இல், தீப்புண் சிகிச்சையிற் பெயர்பெற்ற வைத்தியர் ஒருவர் மாநிலச் சட்டசபைக் குழுவின் முன், தடுப்பு மருந்தற்ற தலையணை பற்றியெரிந்து ஏழு வாரக் குழந்தையொன்று இறந்த கதையை உருக்கமாகக் கூறினார். அப்படியொரு குழந்தை இருந்ததேயில்லையென மறு ஆண்டு 'சிக்காகோ ரிபியூன்' பத்திரிகை வெளிப்படுத்திற்று. அவருக்குப் பின்னால் நின்ற சங்கத்தின் பெயர் 'தீப் பாதுகாப்புக்கான குடிமக்கள்'. குடிமக்கள் யாரெனில், அவ்விரசாயனங்களைச் செய்யும் மூன்று கம்பனிகள்!

இன்னுமொன்று. தளபாடத் தீக்குப் பெருங்காரணமாயிருந்தது அணையாது விழுந்த சிகரெற். தானாக அணையும் சிகரெற்றைச் செய்ய முடியுமாயிருந்தும், புகையிலைக் கம்பனிகள் பல்லாண்டு அதை எதிர்த்தன. தளபாடத்துக்கு மருந்திடுவதையே ஊக்குவித்தன. குற்றம் சிகரெற்றினது, தண்டனை நாற்காலிக்கு, அபராதம் கட்டியது தவழும் குழந்தை. எவரும் அதனிடம் சம்மதம் கேட்கவில்லை, கேட்கவும் முடியாது. கேட்க முடியாதவர்மீது ஏற்றும் சுமையை 'பாதுகாப்பு' என்றழைக்க நமக்கு என்ன உரிமை?

2013இல் விதி திருத்தப்பட்டது. சுவாலைச் சோதனை நீங்கிக் கனலும் நெருப்புக்கான சோதனை வந்தது. இரசாயனமின்றியே அதிற் தேறலாம். ஆனால் புதிய விதி புதிய சோபாவுக்கே. பழையது வசதியுள்ளவர் வீட்டிலிருந்து குறைந்த விலைக்கு இறங்கி வறியவர் வீட்டை அடைகின்றது. அங்கே உறை கிழிந்து, நுரை பொடியாய் உதிர்கின்றது.