சமபங்கும் நீதியும்

எல்லோருக்கும் ஒரே அளவாகக் கொடுப்பதே நீதி என்று நம்மிற் பலர் எண்ணுகின்றோம். இவ்வெண்ணத்துக்கு வரலாற்று நியாயம் உண்டு. பிறப்பையும் செல்வத்தையும் காட்டி, ஒருவனுக்கு மிகையாகவும் மற்றவனுக்குக் குறைவாகவும் கொடுத்துவந்த சமுதாயத்துக்கு எதிராக எழுந்த முழக்கம் அது. ஆயினும், சமபங்கும் நீதியும் ஒன்றுதானா என்னும் வினா அத்துடன் தீர்ந்துவிடவில்லை. அவ்வினாவை ஏட்டுத் தத்துவத்தினின்றும் எடுத்து, பழைய மோட்டார் சைக்கிளைச் செப்பனிடும் தொழிலாளியின் மேசைமீது வைத்துப் பார்ப்போம்.

அத்தகைய வண்டிகளில் பெற்றோல் ஆவியைப் பற்றவைக்கும் தீப்பொறியைத் தருவது மக்னீற்றோ என்னுங் கருவி. அதற்குப் பற்றறியின் துணை வேண்டியதில்லை. காந்தமுனைகளுக்கிடையே கம்பிச்சுருள் சுழல, அதுவே தனக்கு வேண்டிய மின்னை ஆக்கிக்கொள்கிறது. உயரழுத்த மக்னீற்றோவை 1902இல் உருவாக்கியவர், ஜெர்மனியிலே பொஷ் நிறுவனத்திற் பணியாற்றிய கொற்லொப் ஹொனோல்ட். சுருளின் மின்னோட்டத்தை இரு தொடுமுனைகள் பிரிந்து அறுக்குங் கணத்திற் பொறி பாய்கிறது. அக்கணம் எதுவென நிர்ணயிப்பது, உட்புறத்தே இரு மேடுகள் கொண்ட ஒரு வளையம்.

1937இல் அறிமுகமான ட்ரையம்ப் ஸ்பீட் ட்வின் வண்டியின் இரு ஆடுதண்டுகளும் சேர்ந்தே எழுந்து சேர்ந்தே தாழ்வன. ஆகவே கிராங்குத் தண்டின் ஒவ்வொரு முழுச் சுற்றுக்கும், அதாவது 360 பாகைக்கு ஒரு முறை, உருளைகள் மாறிமாறிப் பொறி பெற்றாற் போதும். எஞ்சினின் பாதி வேகத்திற் சுழலும் மக்னீற்றோவில் இது 180 பாகைக்கு ஒன்று. மேடுகள் நேரெதிரே நிற்கின்றன. பங்கீடு சமம்.

1946இல் வெளிவந்த வின்சென்ற் றப்பிட் வண்டியின் நிலை வேறு. அதன் உருளைகள் ஆங்கில ‘வி’ எழுத்தைப் போல் 50 பாகை விரிந்து நிற்கின்றன. இதனால் ஒரு பொறிக்கும் அடுத்த பொறிக்கும் இடையிலான தூரம் ஒருகால் 310 பாகை, மறுகால் 410 பாகை. மக்னீற்றோவின் கணக்கில் அது 155, 205 ஆகும்.

சமபங்கு தரும் மக்னீற்றோவை இவ்வெஞ்சினிற் பூட்டினால் நிகழ்வது யாது? ஓர் உருளைக்கு நேரம் பொருந்தும். மற்றையதற்கு 50 பாகை பிழைக்கும். பொறி அவ்வளவு முந்தினால், இன்னும் மேலேறிவரும் ஆடுதண்டை வெடிப்பு எதிர்த்துத் தள்ளும்; பிந்தினால், வலுவெல்லாம் வெப்பமாய் வீணாகும். இனி, பிழையை இரண்டாகப் பகிர்ந்து நடுவழி காண்போம் என்பாரும் உளர். அவ்வாறு செய்தால், ஒன்று 25 பாகை முந்தியும் மற்றது 25 பாகை பிந்தியும் எரியும். உண்மையை ஆராயாத சமரசம் இருவருக்கும் அநீதி செய்வதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

எனவே மேடுகளை 155, 205 எனப் பிரித்துத் தீட்டிய வளையத்தை இட வேண்டும். அதுவுந் தனித்துப் போதாது. காந்த ஓட்டம் விரைந்து மாறுங் கணத்திலே தொடுமுனை பிரிந்தாலன்றிப் பொறி வலுப்பெறாது. ஆதலால் இரும்பு முனைகளின் வடிவையும் அதற்கிசைய மாற்ற வேண்டும். கால அட்டவணையை மாத்திரம் திருத்தி, ஆற்றலின் ஊற்றைப் பழையபடியே விட்டால், ஓர் உருளை பெயரளவிலேயே தன் பங்கைப் பெறும். சட்டப் புத்தகத்தை மாற்றிவிட்டு நிலவுடைமையைத் தொடாத சீர்திருத்தங்களும் இவ்வாறானவையே.

இங்கே ஓர் ஆபத்தையும் சுட்டுதல் வேண்டும். ‘ஒவ்வொருவருக்கும் அவரவர்க்குரியது’ என்பது சாதியத்தின் பழைய மந்திரமுமாகும். வேறுபாட்டை ஏற்றால் அம்மந்திரத்துக்கும் தலைவணங்க வேண்டுமா? வேண்டியதில்லை. இடைவெளிகள் சமமற்றவையாய் இருப்பதன் நோக்கம் யாது? ஒவ்வோர் ஆடுதண்டும் தன் உச்சத்தை அடைவதற்கு ஒரே அளவு பாகை இருக்கையிற் பொறி பெற வேண்டும் என்பதே. பயனில் முழுச் சமத்துவம். அதற்காகவே வழியில் வேறுபாடு. சாதியமோ வழியிலும் பயனிலும் தாழ்வையே விதிக்கின்றது. அன்றியும், அதன் வேறுபாடு அளந்து கண்டதன்று. பிறப்பின் பெயரால் முன்னரே எழுதி வைக்கப்பட்டது.

தொழிலாளியோ அளக்கிறான். பாகைத் தட்டைக் கிராங்குத் தண்டிற் பொருத்துகிறான். ஆடுதண்டு உச்சத்தின் இருபுறமும் ஒரே உயரத்தில் நிற்கும் இரு நிலைகளைக் குறித்து, நடுவைக் கண்டு, உண்மையான உச்சத்தை அறிகிறான். தொடுமுனைகளுக்கிடையே சிகரெட் தாளொன்றைச் செருகி, அது விடுபடுங் கணத்தைப் பார்க்கிறான். முதலாம் உருளை சரியாயிற்று என்பதனால் இரண்டாவதை நம்பிவிடாமல், அதனையும் தனியே சோதிக்கிறான். பிழை இருப்பின் மேட்டைச் சிறிது சிறிதாகத் தீட்டித் திருத்துகிறான்.

வகுப்பறையில் நிற்கும் நமக்கு இதில் நேரான பாடம் உண்டு. ஒரே பாடத்தை ஒரே வேகத்தில் நாற்பது பேருக்கும் சொல்லிவிட்டு, நாம் பாரபட்சமற்றவர் என்று நிம்மதி கொள்வது எளிது. பட்டினியோடு வருபவனும், வீட்டில் நூல்கள் நிறைந்தவனும் எங்கெங்கே நிற்கிறார்கள் என்பதைத் தனித்தனியே அளந்தறிவது கடினம். எல்லோரும் உச்சத்தை எட்ட வேண்டும் என்னும் குறிக்கோளை விட்டுக்கொடாமல், ஒவ்வொருவரின் நிலையையும் அறிய உழைப்பதே நீதி. அந்த உழைப்புக்கு அஞ்சுபவனுக்குச் சமபங்கு ஒரு புகலிடம். நீதியை நாடுபவனுக்கு அது தொடக்கம் மாத்திரமே.