இறக்கிய சுமை ஈகையாகுமா?

அமெரிக்காவில் ஜார்ஜியா முதல் மெய்ன் வரை 14 மாநிலங்களினூடே ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் செல்வது அப்பலாச்சியன் நடைபாதை. வர்ஜீனியாவிலுள்ள டமாஸ்கஸ் என்னும் சிற்றூரில் அப்பாதையே ஊரின் முதன்மைத் தெருவாகிவிடுகிறது. அங்கு வாழ்வோர் 1,000 பேருக்கும் குறைவு. முதுகில் மூட்டையுடன் மலையிறங்கி வருவோரே அவ்வூரின் விருந்தினர்.

இப்பாதையோரத் தங்குமிடங்களில் ஒரு பெட்டி வைத்திருப்பர். நடப்போர் தமக்கு மிகையென உணர்ந்த அரிசி, காலுறை, சமையற்கலம் முதலியவற்றை அதில் இட்டுச் செல்வர், வேண்டுவோர் எடுத்துக்கொள்வர். விலை இல்லை, நன்றி கூறலும் இல்லை.

இது ஈகையாகுமா? தோள் நோவுக்கு அஞ்சி இறக்கியதைத் தானமென்பது எங்ஙனம்? இழப்பில்லாத இடத்தில் ஈகை ஏது என்பாரும் உளர். அவர் கூற்றில் பாதி உண்மையே. கிழிந்த காலுறையை இடுபவன் குப்பையை இடம் மாற்றுகிறான், அவ்வளவே! ஆயினும் பெறுவோன் பக்கம் நின்றும் நோக்குதல் வேண்டும். ஈந்தவன் இன்னானென அறியாமையால் அவனுக்குத் தலைகுனிவு இல்லை. உபயம் இன்னார் எனப் பொறிக்கவும் அப்பெட்டியில் இடமில்லை. பெரும் நன்கொடைகள் பலவற்றுக்கு இச்சிறப்பு வாய்ப்பதில்லை.

2024 செப்டம்பரில் ஹெலீன் புயலின் வெள்ளம் டமாஸ்கஸைத் தாக்கியது. பழைய இருப்புப்பாதைத் தடத்தில் அமைந்து, மிதிவண்டியில் வருவோரை அவ்வூருக்கு ஈர்த்துவந்த வர்ஜீனியா க்ரீப்பர் பாதையின் மேற்பகுதி பாலங்களோடு சிதைந்தது. வருவோரை நம்பிய கடைகளுக்கு அது பேரிடி. அன்று அவ்வூருக்கு வேண்டியிருந்தவை சேறு வாரும் கைகள், உடனிருந்து உழைக்கும் நாட்கள். அவற்றைப் பெட்டியில் இட்டுவிட்டு நடையைத் தொடர இயலாது.