சபுராளிக்கு அடைபட்ட வாசல்

கொரோனாக் காலம் கடந்துவிட்டது. அது விட்டுச்சென்ற ஒரு கேள்வி மட்டும் நம் வீடுகளில் இன்னும் பேசப்படுகிறது. பிழைப்புக்காகக் கடல் கடந்தவன் லீவில் ஊருக்கு வந்திருந்த நேரத்தில், 'உங்கள் நாட்டில் நோய் இருக்கிறது, வராதே' என்று அவன் வேலை பார்த்த நாடு வாசலை அடைத்ததே, அது நியாயமா? ஆயக்குடியிலும் பழனியைச் சுற்றியுள்ள ஊர்களிலும் கொய்யாத் தோப்பை நம்பிய வீடுகளுக்கு நடுவே சபுராளியின் பணத்தில் அடுப்பெரியும் வீடுகளும் உண்டு. அங்கே சிலர், 'நம் மார்க்கமே அப்படித்தானே சொல்கிறது' என்று சமாதானம் சொல்கிறார்கள். வேறு சிலர், 'முஸ்லிம் நாடுகளே நம்மை விரட்டினவே' என்று பொருமுகிறார்கள். இரண்டிலும் பாதி உண்மைதான் இருக்கிறது என்பது நம் கருத்து.

கொள்ளைநோய் பரவிய ஊருக்குள் போகக் கூடாது, அந்த ஊரில் இருப்பவர் நோய்க்கு அஞ்சி வெளியேறவும் கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். இந்த ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரு கிரந்தங்களிலும் உள்ளது. அறிவித்தவர் ஹஜ்ரத் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள். அவர்கள் அதை அறிவித்த சந்தர்ப்பத்தைச் சற்று நின்று கவனிக்க வேண்டும்.

ஷாம் தேசத்துக்குப் புறப்பட்ட ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் சர்கு என்னும் இடத்தை அடைந்தபோது, அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதாகத் தளபதிகள் வந்து சொன்னார்கள். முஹாஜிர்களிடமும் அன்ஸார்களிடமும் கலந்தபோது அபிப்பிராயம் பிளவுபட்டது. குறைஷிப் பெரியவர்கள் திரும்பிவிடுவதே நலம் என்றார்கள். உமர் (ரலி) அவர்களும் திரும்ப முடிவு செய்தார்கள். ஹஜ்ரத் அபூ உபைதா (ரலி) அவர்கள், அல்லாஹ்வின் விதியை விட்டு ஓடுகிறீர்களா என்று கேட்க, அவனுடைய ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்குத்தான் போகிறோம் என்று உமர் (ரலி) அவர்கள் விடையளித்தார்கள். பசுமையான சரிவு ஒன்றும் வறண்ட சரிவு ஒன்றும் இருந்தால் ஒட்டகத்தை எங்கே மேய்த்தாலும் அது அவன் விதிப்படியே அல்லவா என்று உதாரணமும் காட்டினார்கள். இதற்குப் பிறகுதான் அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்கள் வந்து ஹதீஸை எடுத்துரைத்தார்கள்.

இத்தோடு பலர் கதையை முடித்துவிடுகிறார்கள். ஹிஜ்ரி 18-ல், அதாவது கி.பி. 639-ல், அம்வாஸ் கொள்ளைநோய் உக்கிரமானபோது, அபூ உபைதா (ரலி) அவர்களை மதீனாவுக்கு வரும்படி கலீஃபா கடிதம் எழுதினார்கள் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. கடிதத்தின் உள்நோக்கம் தம்மைக் காப்பாற்றுவதுதான் என்று அந்தத் தளபதிக்குப் புரிந்தது. படைவீரர்களை விட்டு நான் மட்டும் வர இயலாது என்று பணிவோடு மறுத்து எழுதிவிட்டு, அந்த நோயிலேயே அவர்கள் ஷஹீதானார்கள். பின்னர் பொறுப்பேற்ற அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் மக்களை மலைகளின் மேல் ஏறிப் பிரிந்து தங்கச் செய்ய, நோய் தணிந்தது. மலையடிவாரத்தில் வாழும் நமக்கு இந்தக் கடைசிச் செய்தியை விளக்க வேண்டியதில்லை.

ஆக, வாசலை அடைப்பது மார்க்கத்துக்கு விரோதமல்ல. ஆனால் அங்கே வாசல் ஊரைப் பார்த்து அடைக்கப்பட்டது, ஆளைப் பார்த்து அல்ல. கலீஃபாவே திரும்பிப் போனார்கள். தளபதி தமக்குக் கிடைத்த விலக்கை ஏற்கவில்லை.

நம் காலத்தில் நடந்தது என்ன? 2021 ஏப்ரல் 24 நள்ளிரவோடு இந்தியாவிலிருந்து வருவோரை ஐக்கிய அரபு அமீரகம் தடுத்தது. அந்த வாரத்தில் இங்கே ஒரு நாளைக்கு மூன்று லட்சத்துக்கு மேல் புது நோயாளிகள். அவர்கள் பயந்ததைக் குறை சொல்ல முடியாது. ஆனால் தடையிலிருந்து விலக்குப் பெற்றவர்கள் யார்? அந்நாட்டுக் குடிமக்கள், ராஜதந்திரிகள், கோல்டன் விசாக்காரர்கள், தொழிலதிபர்களின் தனி விமானங்களில் வருவோர். தனி விமானத்தில் வருபவன் மூச்சில் கிருமி இருக்காதா? குவைத் 2021 பிப்ரவரி 7 முதல் தன் குடிமக்கள் அல்லாதவர்களை நிறுத்தியது. ஆகஸ்ட் மாதத்தில்தான் வாசல் திறந்தது. சவூதிக்குப் போக வேண்டியவர்கள் வேறொரு நாட்டில் 14 நாட்கள் தங்கிவிட்டுப் போகலாம் என்றிருந்தது. ஓட்டலுக்கும் இன்னொரு விமானத்துக்கும் பணமுள்ளவனுக்கு மட்டும் திறந்த வழி அது. நோயைத் தன் நிலத்தில் இறக்காமல் அடுத்தவன் நிலத்தில் 14 நாள் இறக்கி வைப்பது எந்த வகைப் பாதுகாப்போ, நமக்கு விளங்கவில்லை.

குடிமகனுக்குப் போக்கிடம் வேறில்லை, அவனை அனுமதித்தே ஆக வேண்டும் என்பார்கள். ஒப்புக்கொள்கிறோம். ஆனால் நம் நாடே 2020 மார்ச் 22 முதல் பன்னாட்டு விமானங்களை நிறுத்தி, சொந்தக் குடிமக்களை வெளியே நிற்க வைத்தது. மே 7-ல் வந்தே பாரத் விமானங்கள் புறப்படும் வரை வேலை போனவர்களும் கர்ப்பிணிகளும் அங்கேயே தவித்தார்கள். புறப்பட்ட பிறகும் டிக்கெட் காசு அவர்களுடையதுதான். அரபு நாடுகளை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவோர் இதை மறக்கக் கூடாது. கொரோனாச் சிகிச்சை அனுமதியில்லாமல் தங்கியிருப்போருக்கும் இலவசம் என்று 2020-ல் சவூதி மன்னர் அறிவித்ததையும், ஊரில் மாட்டிக்கொண்டவர்களின் இக்காமாவைக் கட்டணமின்றிப் பலமுறை நீட்டித்ததையும் சொல்லாமல் விடுவது நீதியாகாது.

இந்தச் சட்டங்களில் பெரிதும் விடுபட்டது குடும்பம். அரசாங்கத்தின் கணக்கில் தொழிலாளி ஒரு தலை. சிங்கப்பூரில் வொர்க் பெர்மிட்டில் உழைப்பவன் மனைவி மக்களைக் கூட வைத்துக்கொள்ளச் சாதாரண நாளிலேயே வழியில்லை. ஷரீஅத்தின் கணக்கில் அவன் ஒரு தலை அல்ல. மனைவி மக்களின் நஃபகா அவன் மீது கடமை. வறிய தாய் தகப்பனின் செலவும் அவனுடையது. அவனை ஆறு மாதம் நிறுத்தினால் ஒரு வீட்டை நிறுத்தியதாகிறது. தகப்பன் மவுத்தானால் வந்து முகம் பார்க்கலாம், திரும்பிப் போக முடியாது. போகாவிட்டால் வேலை இல்லை. இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள் என்று ஒரு மகனிடம் சொல்வது சின்ன விஷயமா? ஷாஃபிஈ மத்ஹபினர் தொலைவிலிருந்தே காயிப் ஜனாஸா தொழுது ஆறுதல் கொண்டார்கள். நம் வட்டாரத்து ராவுத்தர்கள் பெரும்பாலும் ஹனஃபிகள். அவர்களுக்கு அந்த வழியும் இல்லாமல் துஆ மட்டுமே மிஞ்சியது.

இப்படி நிறுத்தப்பட்டவர்களைப் பற்றி நம் ஜமாஅத்துகள் கவனிக்க வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது. கொள்ளைநோய் வேளையில் ஊரிலேயே பொறுமையோடு தங்குபவருக்கு ஷஹீதின் கூலி உண்டு என்று ஹதீஸில் வருகிறது. கூலி அல்லாஹ்விடம்; சோறு யாரிடம்? மூன்றாம் நாட்டில் கையில் காசின்றி நின்றவன், ஊரில் சொந்த வீடு இருந்தாலும் இப்னுஸ் ஸபீல், அதாவது வழிப்போக்கன் என்ற வகையில் அன்று ஜகாத் பெறத் தகுதியுள்ளவனாக இருந்தான். வேலை திரும்பக் கிடைக்காமல், விசாவுக்கு வாங்கிய கடனை இன்னும் கட்டிக்கொண்டிருப்பவன், அந்தக் கடன் போக நிஸாபு அளவுக்குச் சொத்தில்லாவிட்டால், கடனாளி என்ற வகையில் இன்றும் தகுதியுள்ளவன். ஆனால் ரமலானில் ஜகாத் பட்டியல் எழுதும்போது அந்தப் பெயர் வந்தால், 'அவனுக்கென்ன, சபுராளி, மாடி வீடு கட்டியவன்' என்று சொல்லி அடித்துவிடுகிறோம். மாடி வீடு யாரிடம் அடமானத்தில் இருக்கிறது என்று கேட்பதில்லை.