ஷானிதார் குகையில் பூ வைத்தது யார்?

1960இல் வட ஈராக்கின் ஷானிதார் குகையில் ரால்ஃப் சொலெக்கியின் குழு நியாண்டர்தால் மனிதர் ஒருவரின் எலும்புகளைக் கண்டெடுத்தது. அவற்றைச் சூழ்ந்திருந்த மண்ணை ஆர்லெட் லெருவா-கூரான் நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, கொத்துக் கொத்தாக மகரந்தம்.

இறந்தவரைப் பூ வைத்து அனுப்பியிருக்கிறார்கள் என்றார் சொலெக்கி. துக்கம் தெரிந்தவர்கள், ஒருவேளை மறுமையை நம்பியவர்கள்! சாவு வீட்டில் பூவைப் பார்த்துப் பழகிய எவருக்கும் இது உடனே பிடித்துப்போகும். அங்கேதான் உஷாராக இருக்க வேண்டும்.

பிறகு எலி வந்தது. அந்தப் பகுதியில் வளை தோண்டும் ஒருவகைக் கொறிவிலங்கு பூக்களை இழுத்துவந்து சேர்த்து வைக்கும் என்று 1999இல் ஜெஃப்ரி சோமர் சுட்டிக்காட்டினார். மண்ணில் கூடு கட்டும் தேனீக்கள் மீதும் பின்னர் சந்தேகம் விழுந்தது.

ஒரு பொருளிலிருந்து அதைச் செய்த நுட்பத்தை ஊகிப்பது எளிது, நம்பிக்கையை ஊகிப்பதுதான் மிகக் கடினம் என்று தொல்லியலாளர் கிறிஸ்டஃபர் ஹாக்ஸ் 1954இலேயே எழுதியிருந்தார். மகரந்தம் பூ இருந்ததைச் சொல்லும்; அதைக் கொண்டுவந்தது கையா, பல்லா என்று சொல்லாது.

அவர்களிடையே இருந்த அக்கறைக்கு, அதே குகையில் கிடைத்த இன்னொருவர் இன்னும் உறுதியான சாட்சி. முகத்தில் பலத்த அடி, சூம்பிய வலது கை. ஆனாலும் காயங்கள் ஆறி, பல ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறார். பிறர் துணையின்றி அது நடந்திருக்குமா என்பதே ஆய்வாளர்கள் இப்போதும் வாதிடும் கேள்வி.